பக்கத்துக் கரைக்காரியைச் சிட்டகொங்கில் சந்தித்தேன்

உயர்தரப் பெறுபேறு வந்துவிட்டால் என்னுடைய வாட்ஸ்அப்புக்கு நித்திரை இல்லை. வருகிற செய்திகளில் பாதி ஒரே கேள்விதான். "அக்கா, ஸ்கொலர்ஷிப் விண்ணப்பத்தில 'உமது தலைமைத்துவ அனுபவத்தை விவரிக்கவும்' எண்டு ஒரு கட்டம் இருக்கு. எனக்கு அப்பிடி ஒண்டும் இல்லையே, என்ன எழுதுறது?" அடுத்த கேள்வியும் கூடவே வரும்: "அங்க போனா வேற நாட்டுப் பிள்ளையளோட எப்பிடிப் பழகுறது? இங்கிலீசும் மட்டுமட்டு."

கேட்பவர்கள் முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியாப் பக்கத்துப் பிள்ளைகள். பள்ளிக்கூடத்தில் விவாத அணி இருந்திருக்காது. மாணவர் தலைவிப் பட்டி குத்தியிருக்க மாட்டார்கள். கொழும்புப் பிள்ளைகள் அந்தக் கட்டத்துக்குள் இடம் போதாமல் தனித்தாள் இணைப்பார்கள், எங்கட பிள்ளைகள் வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவார்கள். ஆளாளுக்குப் பதில் எழுதிக் களைத்துவிட்டேன். எல்லாருக்குமாக ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். நீளம்தான். பிளேன்ரீ ஒன்றைப் போட்டுக்கொண்டு வாருங்கள்.

ஊர் என்று ஒன்று

கொக்கிளாய் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். முல்லைத்தீவு மாவட்டத்தின் தெற்கு அந்தம். நாயாறு, கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி எல்லாம் கடந்து வரவேண்டும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. முகத்துவாரத்துக்கு அக்கரை புல்மோட்டை, அது திருகோணமலை மாவட்டம். படகில் ஏறினால் சில நிமிடம். தரைவழியால் சுற்றினால் மணிக்கணக்கு. அரசாங்கம் இந்தக் களப்பை 1951இல் பறவைகள் சரணாலயமாக்கியது. எங்கட சனத்துக்கு அது இறாலும் மீனும், பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவும்.

என் அம்மம்மா 1984 டிசம்பரில் கொக்கிளாயை விட்டு வெளிக்கிட்டவ. திரும்பிக் கால் வைத்தது போரெல்லாம் முடிந்த பிறகு, கால் நூற்றாண்டு கழித்து. நான் பிறந்தது முள்ளியவளையில். 2009இல் எங்களைக் கொண்டுபோய் இறக்கியது செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில். அங்கிருந்துதான் கொக்கிளாய்க்கு வந்தோம். அம்மம்மா "இஞ்சைதான் எங்கட கிணறு இருந்தது" என்று காட்டிய இடத்தில் பற்றைக்காடு. ஊரைப் பழகி முடிக்குமுன் நான் வெளிநாடு போய்விட்டேன்.

போன இடம் பங்களாதேஷ். "அங்கேயுமா ஆக்கள் படிக்கப் போறவை?" என்று ஊரில் கேட்காதவர் இல்லை. சிட்டகொங் நகரத்தில் ஆசிய மகளிர் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருக்கிறது. 2008இல் தொடங்கியது. ஆப்கானிஸ்தான், நேபாளம், பூட்டான், கம்போடியா, வியட்நாம், மியன்மார் என்று பல நாட்டுப் பெண்கள் அங்கே படிக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் புலமைப்பரிசிலில் வந்தவர்கள். வீட்டில் முதல் ஆளாகப் பல்கலைக்கழகம் மிதிப்பவர்களும் நிறையப்பேர். வடக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் தமிழ்ப் பிள்ளைகள் போயிருக்கிறார்கள். பெண்களைத் தலைமைக்குத் தயார்ப்படுத்துவது என்பதுதான் அந்த இடத்தின் வெளிப்படையான நோக்கமே. நான் 2013இல் போனேன்.

கருவாட்டுக் கொமிட்டி

எங்கள் அறையில் நான்கு பேர். ஒருத்தி நேபாளத்துச் சிந்துபால்சோக் மாவட்டத்துக்காரி. ஒருத்தி ஆப்கானிஸ்தானின் ஹெராத். மற்றவள் அதே பங்களாதேஷின் மலைநாட்டுப் பக்கம், ரங்கமாட்டியிலிருந்து வந்த சக்மா இனத்துப் பிள்ளை. அவளுடைய மேசையில் ஒரு சின்னப் புத்தர் சிலை இருந்தது. முதல் நாள் அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றுக்குள் ஏதோ செய்தது. எங்கட பக்கத்தில் புத்தர் சிலை வந்தால் பின்னால் என்னென்ன வரும் என்று தெரிந்த ஆளுக்குத்தான் அது விளங்கும். அவளோ காலையில் எழும்பி அதற்கு முன்னால் ஒரு பூவை வைத்துவிட்டு, வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டு வகுப்புக்குப் போனாள்.

சிட்டகொங் ஒரு கருவாட்டு ஊர். அசாத்கஞ்ச் என்ற இடத்தில் மொத்தச் சந்தையே இருக்கிறது. ரிக்‌ஷாவில் அந்தத் தெருவுக்குள் திரும்பும்போதே மூக்கு சொல்லிவிடும். வாளைக் கருவாடு கட்டுக்கட்டாகத் தொங்கும். வீட்டு நினைப்பில் கிடந்த எனக்கு அது நாயாற்று மீன்வாடிகளுக்கு நடுவில் நிற்பது போலவே இருந்தது. ஒரு பார்சல் வாங்கிக்கொண்டு வந்து மாடிச் சமையலறையில் தேங்காய்ப்பால் விட்டு ஒரு குழம்பு வைத்தேன். ரங்கமாட்டிக்காரி தன் பங்குக்கு நாப்பி என்ற இறால் கூழை எடுத்தாள். அதன் வாசத்துக்கு முன்னால் என் கருவாடு ஒன்றுமே இல்லை.

இரண்டு நாளில் மாடியில் கையெழுத்து வேட்டை தொடங்கியது. சமையலறையில் கருவாடு கூடாது. முன்னணியில் நின்றவள் எங்கள் அறை ஹெராத்காரி. அவளுடைய ஊருக்குக் கடல் எட்டாத தூரம். மீன் வாசமே பழக்கமில்லை. அவள் வாய் திறந்தால் சட்டத்தரணி. நாங்கள் இரண்டு பேரும் வாய் திறக்காத சாதி. ஒரு கிழமை அறைக்குள் ஆளை ஆள் பார்க்காமல் திரிந்தோம்.

முடித்து வைத்தவள் ரங்கமாட்டிக்காரிதான். அவள் கூட்டம் போடவில்லை, பேசவும் இல்லை. ஒரு தாளை எடுத்துக்கொண்டு எதிர்த்துக் கையெழுத்து வைத்தவர்களிடம் ஒவ்வொருவராகப் போனாள். "எந்த நேரத்தில் சமைத்தால் உனக்குக் கரைச்சல் இல்லை?" ஒரே கேள்வி. எல்லாரும் சொன்னதை எழுதினாள். அங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை. வெள்ளி பின்னேரம் முக்கால்வாசிப் பேர் வெளியில் போய்விடுவார்கள் என்பது தாளிலேயே தெரிந்துவிட்டது. ஜன்னல் திறந்திருக்க வேண்டும், கருவாட்டு டப்பாவுக்கு டேப் ஒட்ட வேண்டும், சமைத்த சட்டி அன்றைக்கே கழுவ வேண்டும். சட்டம் போட்டவர்கள் எதிர்த்தவர்கள். அதைக் காத்தவர்கள் நாங்கள். ஹெராத்காரி கடைசிவரை கருவாட்டை வாயில் வைக்கவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் வேறு யாரும் போய்ப் பிடிக்குமுன் எங்களுக்காக அடுப்பைப் பிடித்து வைப்பாள்.

பின்னால் வகுப்பில் தலைமைத்துவம் பற்றி நிறையப் படித்தோம். நல்ல நல்ல வாசிப்புகள் தந்தார்கள். ஆனால் ஒரு முடிவால் பாதிக்கப்படுகிறவரிடம் முதலில் போ, கேள், எழுது என்ற பாடம் எனக்கு அந்தத் தாளில்தான் விளங்கியது.

எதிர் அறை

எதிர் அறையில் ஒரு சிங்களப் பிள்ளை இருந்தாள். நீர்கொழும்புக்கும் சிலாபத்துக்கும் இடைப்பட்ட கடற்கரைக் கிராமம், கத்தோலிக்கக் குடும்பம். உலகத்தில் இத்தனை நாட்டுப் பிள்ளைகளோடு நான் ஒட்டிக்கொண்டேன், அவளோடு மட்டும் மாதக்கணக்கில் சிரிப்பும் தலையாட்டலும்தான். எனக்குத் தெரிந்த சிங்களம் சோதனைச்சாவடிச் சிங்களம்: பெயர் என்ன, அடையாள அட்டை எங்கே, எங்கே போகிறாய். அதை வைத்துக்கொண்டு ஒருத்தியோடு சிநேகம் பிடிக்க முடியுமா? அவளுக்குத் தமிழ் தெரியாது. ஒரே நாட்டுக்காரிகள் இரண்டு பேர் ஆங்கிலத்தில் "தேங்காய்ப்பூ இருக்கா?" என்று கேட்பதைப் பார்த்து நேபாளத்துக்காரிக்கு ஒரே பகிடி.

முதலில் சேர்த்தது சம்பல்தான், மறுக்கவில்லை. அதோடு அவளுடைய பாட்டி செபமாலை சொல்வது தமிழில் என்று ஒருநாள் சொன்னாள். அந்தக் கரையில் வயதானவர்கள் பலர் அப்படித்தானாம். தனக்கு அர்த்தம் தெரியாது, ராகம் தெரியும் என்று முணுமுணுத்துக் காட்டினாள். "அருள் நிறைந்த மரியே" என்று நான் பிடித்துக்கொண்டேன். நான் சைவம். பரவாயில்லை, முல்லைத்தீவில் வளர்ந்தவருக்கு அதெல்லாம் காதில் விழுந்தே பாடம்.

ஆனால் உள்ளுக்குள் கிடந்த விசயத்துக்குச் சம்பல் போதாது. அதைத் திறந்தது மூன்றாவது ஆள்.

2015 ஜனவரியில் பங்களாதேஷில் அரசியல் முற்றுகை தொடங்கியது. ஹர்த்தால், பஸ்களுக்குப் பெற்றோல் குண்டு. வெளியில் போக ஏலாது. இரவில் எல்லாரும் ஓர் அறையில் கூடிக் கதைத்துக்கொண்டிருப்போம். அப்படி ஓர் இரவு ரங்கமாட்டிக்காரி வாய் திறந்தாள். அவ்வளவு நீளமாக அவள் கதைத்ததை நாங்கள் அதுவரை கேட்டதில்லை.

கர்ணபூலி ஆற்றுக்குக் குறுக்கே 1962இல் காப்டாய் அணை கட்டி முடிந்தது. பாகிஸ்தான் காலம். 54,000 ஏக்கர் வயல்நிலம் தண்ணீருக்குள் போனது. ஏறத்தாழ 100,000 பேர் இடம்பெயர்ந்தார்கள்; பெரும்பான்மை சக்மா மக்கள். அவர்களுடைய ராஜாவின் அரண்மனையே மூழ்கியது. எழுபதுகளின் கடைசியிலிருந்து சமவெளி வங்காளிகளை அரசாங்கம் மலைக்குக் கொண்டுவந்து குடியேற்றியது. சண்டை, முகாம், ஓட்டம். 1997 டிசம்பர் 2இல் சமாதான உடன்படிக்கை. அதில் சொன்ன காணி விசயம் இன்னும் முடியவில்லை. அந்த அணையால் உண்டான ஏரியைக் காட்டி உல்லாசப் பயணிகள் படம் எடுக்கிறார்கள், அதற்குக் கீழேதான் எங்கட வயல் என்றாள்.

எதிர் அறைக்காரி கேட்டாள்: "வந்து குடியேறின ஆட்கள் யார்? பணக்காரரா?"

"இல்லை, ஏழைகள். ஆற்றரிப்பில் நிலம் போனவர்கள்."

"அப்போ அவர்களில் என்ன பிழை?"

"அவர்களும் ஏழைகள்தான். காணியும் எங்களுடையதுதான்." சக்மாக்காரி இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டாள்.

எதிர் அறைக்காரி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "வெலிஓயா உங்கட ஊருக்குப் பக்கம்தானே? அங்கேயும் இப்படியா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியை ஒரு சிங்கள வாயிலிருந்து நான் எதிர்பார்த்ததே இல்லை. அவள் டிவியில் பார்த்த வெலிஓயா எல்லைக் கிராமம், துவக்கோடு வயல் காக்கும் ஆட்கள். எனக்குத் தெரிந்தது அதே இடத்தின் தமிழ்ப் பெயர், மணலாறு. அம்மம்மாவின் வயலும் கிணறும். சொன்னேன். 1984 டிசம்பரில் ஆமி வந்து ஊரை எழுப்பியதை, கையில் பிடித்த பிள்ளைகளோடு நடந்ததை, பக்கத்தில் ஒதியமலையில் ஆம்பிளைகளைச் சுட்டதை. அவள் அசையாமல் கேட்டாள். பிறகு தான் கேட்டு வளர்ந்ததைச் சொன்னாள். அவளுடைய கரையில் தென்மேல் பருவக்காற்றுக்குக் கடல் கொந்தளிக்கும். அந்த மாதங்களில் ஆண்கள் கிழக்குப் பக்கம் வாடி அடிக்க வருவார்கள். கொக்கிளாய், நாயாறு என்ற பெயர்கள் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். 1984 டிசம்பர் தொடக்கத்தில் நாயாற்றிலும் கொக்கிளாயிலும் அந்த வாடிகளில் இருந்தவர்களைப் புலிகள் கொன்றார்கள். போனவர்களில் திரும்பி வராதவர்கள் அவளுடைய கரையிலும் இருந்தார்கள்.

ஒரே மாதம், ஒரே கரை. அவளுக்கு ஒரு பாதி தெரியும், எனக்கு மற்றப் பாதி. என் பாதிக்கு முன்னால் அவளுடைய பாதி நடந்திருக்கிறது என்று வீட்டில் யாரும் எனக்குச் சொன்னதில்லை; தன் பாதிக்குப் பின்னால் ஓர் ஊரே காலியானது என்று அவளுக்கும் யாரும் சொன்னதில்லை. நாங்கள் இரண்டு பேரும் நேருக்கு நேர் இருந்திருந்தால் இந்தக் கதை சண்டையில் முடிந்திருக்கும். நடுவில் ரங்கமாட்டி இருந்தது. ரங்கமாட்டிக்காரியின் கதையைக் கேட்ட காதால் எதிர் அறைக்காரி என்னுடைய கதையையும் கேட்டாள்.

இன்னொருத்தியையும் சொல்லவேண்டும். மேல்மாடியில் புத்தளத்துப் பிள்ளை ஒருத்தி, முஸ்லிம். நல்ல தமிழ். முதல் நாளே "எங்கட வாப்பாட ஊர் தண்ணீரூற்று" என்றாள். தண்ணீரூற்று என்றால் நான் பிறந்த முள்ளியவளைக்கு அடுத்த ஊர். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது அவளுடைய வாப்பாவும் வெளியேறி வந்தவர். 70,000க்கும் மேற்பட்டவர்கள் அப்படிப் போனார்கள். அவர்கள் விட்டுப்போன தெருக்களால்தான் நான் பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். கொக்கிளாய்க் கதையில் கேட்கப்படவேண்டிய ஆள் நான். தண்ணீரூற்றுக் கதையில் நான் வாயை மூடிக்கொண்டு கேட்கவேண்டிய ஆள். "ஓம், ஆனா..." என்று தொடங்காமல் கடைசிவரை கேட்கிறது லேசான வேலை இல்லை. எதிர் அறைக்காரி அன்றிரவு எனக்காக எவ்வளவு பொறுமை பிடித்திருப்பாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஒரு சனிக்கிழமை

2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை மதியம். கட்டில் ஆடியது. மின்விசிறி ஆடியது. எல்லாரும் படிகளால் இறங்கி ஓடினோம். சில நிமிடத்தில் செய்தி வந்துவிட்டது, நேபாளத்தில் பெரிய நிலநடுக்கம். கடைசிக் கணக்கில் ஏறத்தாழ 9,000 உயிர் போனது. மிக மோசமாக அடிபட்ட மாவட்டம் சிந்துபால்சோக். எங்கள் அறைக்காரியின் ஊர்.

நேபாளத்துப் பிள்ளைகள் எல்லாரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றார்கள். எந்த இலக்கமும் போகவில்லை. மற்றவர்கள் சுற்றி நின்று "அழாதே, ஒன்றும் நடந்திருக்காது" என்றார்கள். எனக்கு அந்த வார்த்தை பிடிக்கவே இல்லை. 2009இல் எங்களுக்கும் அதைத்தான் சொன்னார்கள்.

ஆனால் எனக்கு வேறொன்று தெரியும். மெனிக் பாமில் அப்பா ஒரு கொப்பி வைத்திருந்தார். யாரைக் கடைசியாக எங்கே கண்டது, யார் சொன்னது, எத்தனையாம் திகதி. முள்வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆட்களைத் தேடிய குடும்பங்கள் எல்லாம் அப்படி ஒரு கொப்பியோ துண்டுக் கடதாசியோ வைத்திருந்தன. நான் ஓடிப்போய்க் கொப்பி ஒன்றை எடுத்தேன். கோடு போட்டேன்: பிள்ளையின் பெயர், வீட்டார் பெயர், கிராமம், யாரோடு கடைசியாகத் தொடர்பு, எத்தனை மணிக்கு, யார் சொன்ன தகவல். "யார் சொன்ன தகவல்" என்ற கோடு முக்கியம். முகாமில் வதந்தியை நம்பி, செத்தவர் உயிரோடு இருப்பதாகவும் உயிரோடு இருந்தவர் செத்ததாகவும் நினைத்து எத்தனை தரம் அழுதிருக்கிறோம்.

பிறகு ஆட்களைப் பிரித்தோம். எதிர் அறைக்காரி போன்களுக்குச் சார்ஜ் போடும் பொறுப்பு. ஒரு போன்கூட நிற்கக்கூடாது. புத்தளத்துக்காரி பேஸ்புக்கில் கிராமப் பெயர்களைத் தேடினாள். ஹெராத்காரிக்கு ஒரே வேலைதான் கொடுத்தேன், யாரையும் முற்றத்துக்கு வந்து சும்மா கேள்வி கேட்க விடாதே. அவள் அதைச் செய்த விதத்தில் வாசலில் ஒரு ஈயும் பறக்கவில்லை. ரங்கமாட்டிக்காரி சோறு வடித்து, சாப்பிட மாட்டேன் என்றவர்களுக்குப் பக்கத்தில் தட்டை வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இருந்தாள்.

எங்கள் அறைக்காரியின் குடும்பம் உயிரோடு இருப்பது அடுத்த நாள்தான் தெரிந்தது. வீடு இல்லை. கொப்பியில் எல்லாக் கோடுகளும் நல்லபடி நிரம்பவில்லை, அதை இங்கே எழுத மாட்டேன், அது என்னுடைய கதை இல்லை.

தங்கச்சிமாரே, அந்த விண்ணப்பக் கட்டத்துக்கு இதுதான் என் பதில். நீங்கள் பதவி தேடுகிறீர்கள். அவர்கள் பதவியைக் கேட்கவில்லை, நெருக்கடியில் என்ன செய்தாய் என்று கேட்கிறார்கள். முகாமில் தண்ணி வரிசையில் சண்டை வராமல் வாளிக்கு இலக்கம் போட்டீர்களா? அம்மா வயலுக்குப் போக, தம்பி தங்கச்சியைப் பள்ளிக்கு அனுப்பிக் கடைக் கடனும் கணக்கு வைத்தீர்களா? கணவனை இழந்த சித்திக்குக் கச்சேரிப் படிவம் நிரப்பிக் கொடுத்து, கூடவே போய் வரிசையில் நின்று, அதிகாரி "நாளைக்கு வா" என்றபோது "என்ன குறை எண்டு எழுதித் தாங்கோ" என்று கேட்டீர்களா? அதை அப்படியே எழுதுங்கள். என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், பிறகு என்ன மாறியது. இரக்கம் தேடி எழுதாதீர்கள். செய்த வேலையை எழுதுங்கள்.

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் கலையை அங்கே நான் யாரிடம் படித்தேன் தெரியுமா? 2016இலிருந்து அந்தப் பல்கலைக்கழகம் ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்த பெண்களையும் தேர்ந்தெடுத்துச் சேர்த்தது. படிக்கும் காலத்திலும் அவர்களுக்குத் தொழிற்சாலைச் சம்பளம் தொடர்ந்தது. அப்படி வந்த ஒருத்தி எங்கள் குழுக் கூட்டத்தை நடத்தினால் சரியான நேரத்துக்கு முடியும். இரண்டாம் முறை பேச வருபவரைக் கையைக் காட்டி நிறுத்தி, ஒருமுறையும் பேசாதவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். தையல் வரிசையில் ஒருத்தி பிந்தினால் எல்லாருக்கும் பிந்தும், அதுதான் எனக்குத் தெரிந்த முகாமைத்துவம் என்பாள்.

சிநேகத்தால் ஆகாதது

இவ்வளவும் சொன்னேன் என்பதற்காக, நாலு நாட்டுப் பிள்ளைகள் சேர்ந்து சமைத்தால் நாட்டுப் பிரச்சினை தீரும் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த "நல்லிணக்க" முகாம்களில் கையைக் கோர்த்துப் பாட்டுப் பாடவிட்டுப் படம் எடுத்து அனுப்புவார்களே, அந்த வகை நம்பிக்கை எனக்கு இல்லை.

நான் 2018இல் படிப்பை முடித்து வந்தேன். அந்த வருட ஓகஸ்டில்தான் நாயாற்றில் தமிழ் மீனவர்களின் படகுகளும் வலைகளும் எரிக்கப்பட்டன. கொக்கிளாய் முகத்துவாரத்தில் கரைவலை இழுக்கும் இடம், அதாவது பாடு, யாருக்கு என்ற இழுபறி அப்படியே இருந்தது. எதிர் அறைக்காரியின் கரையிலிருந்து வருகிறவர்களும் அதில் ஒரு தரப்பு. எங்கள் சிநேகத்தால் ஒரு பாடுகூடக் கை மாறவில்லை. அதைத் தீர்க்க வேண்டியது அனுமதிப்பத்திரமும் சட்டமும் அரசாங்கமும்.

ஆனால் மீனவர் சங்கத்து ஆட்கள் அதிகாரிகளிடம் போகும்போது நானும் கூடப் போகத் தொடங்கினேன். முன்பெல்லாம் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், வேதனை முழுவதும் கொட்டும், வெளியில் வந்தால் குறிப்பில் ஒன்றும் இருக்காது. நான் பழைய கொப்பிக் கோடுகளைப் போட்டேன். பாட்டின் பெயர், யாருடைய பாவனை, எந்த ஆண்டு தொடக்கம், கையில் என்ன பத்திரம், யார் சாட்சி. வயதான சம்மாட்டி ஒருவர் முதலில் முகத்தைச் சுழித்தார். "பிள்ளை, எங்களுக்குத் தெரியாததையா எழுதப்போறாய்?"

"இல்லை அப்பு, அவைக்குத் தெரியாததை. உங்களுக்குத் தெரிஞ்சதைத்தான் எழுதப்போறன்."

பிறகு அவரே தன் வாடிக்குக் கூட்டிப்போய்ப் பழைய துண்டுகளை எல்லாம் எடுத்துத் தந்தார். பிரச்சினை தீர்ந்ததா என்று கேட்காதீர்கள். ஆனால் இப்போது எங்கள் மனுக்களைப் "பொதுவான முறைப்பாடு" என்று ஒதுக்க முடியாது. எதிர்த் தரப்பில் வந்தவர்களும் ஏழைத் தொழிலாளர்கள்தான் என்று சொல்லவும், பாடு எங்களுடையதுதான் என்று சொல்லவும் எனக்கு நா தடுமாறுவதில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லலாம் என்று ரங்கமாட்டிக்காரி காட்டியிருக்கிறாள்.

சிநேகம் வேறு வேலை செய்யும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியத் தேவாலயத்தில் குண்டு வெடித்த செய்தி வந்ததும் நானும் புத்தளத்துக்காரியும் எதிர் அறைக்காரிக்கு மாறி மாறி அடித்தோம். அவள் குடும்பம் தப்பியிருந்தது, தெரிந்தவர்கள் தப்பவில்லை. அடுத்த மாதம் சிலாபத்தில் தொடங்கிப் புத்தளம், குருநாகல் மாவட்டங்களில் முஸ்லிம் வீடுகளையும் கடைகளையும் தாக்கினார்கள். அந்த இரவுகளில் செத்த வீட்டுத் துக்கம் ஆறாத அவளேதான் புத்தளத்துக்காரிக்கு முதலில் போன் எடுத்துக் கேட்டவள். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அந்த மாதம் நீளமான செய்திகள் இல்லை. "இருக்கிறியா?" "ஓம், இருக்கிறன்." அவ்வளவுதான்.

2023 ஜூன் 29இல் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டிய இடத்தில் எலும்புகள் வெளிவந்தன. பிறகு நடந்த அகழ்வில், 2024 ஜூலைக்குள், 52 பேரின் எச்சங்கள். எங்கள் வீட்டிலிருந்து எட்டும் தூரம். எலும்புகள் வெளிவந்த செய்தி வந்த அன்றிரவு எதிர் அறைக்காரி போன் எடுத்தாள். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. சிங்களப் பத்திரிகைகளில் இது எப்படி வந்திருக்கிறது, எதில் வரவேயில்லை என்று வாசித்துச் சொன்னாள். பிறகு ஒவ்வொரு அகழ்வுக் கட்டத்துக்கும் அதைத் தொடர்ந்து செய்தாள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

போகிறவர்களுக்கு

ஆங்கிலத்துக்குப் பயப்படாதீர்கள். அங்கே பாதிப் பேருக்கு உங்கள் அளவுதான். மெதுவாகப் பேசுகிறவளைச் சுற்றித்தான் மெதுவாகப் பேசுகிறவர்கள் சேருவார்கள், அது நல்ல கூட்டம். பண்பாட்டு இரவு என்று சேலை கட்டி ஆடுவதை ஆடுங்கள், ஆனால் அதில் சிநேகம் பிடிபடாது. யாராவது காய்ச்சலில் கிடக்கும்போது கஞ்சி வையுங்கள், யாராவது ஊருக்குப் பணம் அனுப்பத் தெரியாமல் நிற்கும்போது கூடப் போங்கள். ஒரு வருடத்துக்குள் ஒரு பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். சமையலறை அட்டவணை என்றாலும் சரி. உங்களிலும் சத்தமாகப் பேசுகிறவளோடு ஒருமுறையாவது முரண்பட்டுப் பாருங்கள், பிறகு அதே மேசையில் சாப்பிடுங்கள்.

வெளிநாட்டில் படிப்பவர்களுக்கு எல்லாரும் சொல்லும் புத்திமதி ஒன்று உண்டு: உன் நாட்டுக்காரரோடேயே ஒட்டிக்கொண்டு திரியாதே, மற்றவர்களோடு பழகு. வன்னியிலிருந்து போகிறவளுக்கு நான் அதை மாற்றிச் சொல்வேன். போன முதல் மாதத்திலேயே உங்கள் நாட்டுக்காரி யார் என்று தேடிப் போங்கள். அவள் காலிக்காரியாக இருக்கலாம், காத்தான்குடிக்காரியாக, ஹட்டன்காரியாக, அனுராதபுரத்துக்காரியாக இருக்கலாம். ஊரில் நீங்கள் இரண்டு பேரும் ஒரு மேசையில் இருந்து சாப்பிடும் சந்தர்ப்பம் அநேகமாக வரப்போவதில்லை. அங்கே வரும். கதையை உடனே தொடங்கவேண்டாம், தானாக வரும். வரும்போது பக்கத்தில் வேறு நாட்டுக்காரி ஒருத்தியும் இருக்கட்டும்.